கீரி போட்ட எல்லை

ஒரு காட்டில், மலை உச்சிப் பாறையில் அமர்ந்து, கடல் தாண்டி வந்த வெள்ளைக் கழுகு ஒன்று ஆட்சி செய்தது. காட்டை வடக்கு ஜில்லா, தெற்கு ஜில்லா என்று இரண்டாகப் பிரிக்க அது முடிவு செய்தது. எல்லை போடும் வேலை ஒரு கீரிக்குக் கிடைத்தது. கீரிக் கூட்டத்தில் வரைபடம் வரையக் கற்ற முதல் கீரி அதுதான்.

"ஓடைதான் எல்லை. வடக்கே மான்கள் இருக்கட்டும், தெற்கே பன்றிகள் இருக்கட்டும். ஓடைத் தண்ணீர் இருவருக்கும் பொது," என்றது கழுகு.

கீரி ஐப்பசி மழையில் நனைந்துகொண்டே ஓடைக்கரையில் நடந்தது. நடந்த வழியெல்லாம் எல்லைக்கல் நட்டது. பிறகு மலை உச்சியில், கழுகின் காலடியில் இருந்த தட்டைப் பாறையில், சுண்ணாம்புக் கல்லால் அந்தக் கோட்டை அழகாக வரைந்தது.

மறுநாள் ஓர் ஆமை வந்தது.

"தம்பி, நீ கல் நட்டது ஓடைக்கரையில் இல்லை. அது மழைத் தண்ணீர் வழிந்தோடும் பள்ளம். மாசி பிறந்தால் காய்ந்துவிடும். ஓடை அந்த மூங்கில் புதருக்குத் தெற்கே இருக்கிறது."

கீரிக்கு முகம் சுருங்கியது. வரைந்ததை அழித்தால் கழுகு என்ன நினைக்கும்? 'கீரிக்கெல்லாம் இந்த வேலையைக் கொடுத்தால் இப்படித்தான்' என்று காடே சிரிக்குமே.

"படித்தது நானா, நீங்களா அண்ணே? கோடு சரியாகத்தான் இருக்கிறது."

"நீதான் படித்தாய். நான் அந்த ஓடையில் குடியிருக்கிறேன், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு ஆமை போய்விட்டது.

மாசியில் பள்ளம் வறண்டது. மான்கள் தண்ணீர் தேடித் தெற்கே வந்தன. எல்லையில் காவல் நின்ற செந்நாய்கள் மறித்தன.

"இது வேறு ஜில்லா. திரும்பிப் போங்கள்."

செம்பி என்ற பெண்மான் தன் குட்டியுடன் கீரியிடம் வந்தது.

"கோடு நீ போட்டதாமே, தம்பி. குட்டி இரண்டு நாளாகத் தண்ணீரைக் கண்ணால் பார்க்கவில்லை. ஏதாவது செய்."

அப்போதும் கீரி உண்மையைச் சொல்லவில்லை. கழுகிடம் போய், "எல்லையைக் கொஞ்சம் மாற்றினால் நன்றாக இருக்கும், அரசே," என்றது. கழுகு திரும்பிப் பார்க்காமலே, "மாற்று," என்றது.

கோட்டை ஓடைக்கு நகர்த்தினால் முதலில் போட்டது தப்பு என்று தெரிந்துவிடுமே என்று, கீரி கிழக்குக் குட்டையை மான்களுக்குச் சேர்த்தது. குட்டையை இழந்த முயல்கள் வந்து முறையிட்டன. கீரி மறுபடியும் எல்லையை மாற்றி, பன்றிகளின் கிழங்குக் காட்டையும் அதிலிருந்த ஊற்றையும் முயல்களுக்குக் கொடுத்தது. கிழங்கை இழந்த பன்றிகள், செந்நாய்களைத் தள்ளிவிட்டு வந்து, குட்டையில் இறங்கிக் கோரைக்கிழங்கு தோண்டின. குட்டை முழுவதும் சேறாகிவிட்டது. காட்டில் எங்கு பார்த்தாலும் பிடுங்கிப் போட்ட எல்லைக்கற்கள் கிடந்தன.

பங்குனியில் ஒரு நாள் செம்பி மறுபடியும் வந்தது. அதன் பின்னால் மான் கூட்டம் காட்டை விட்டே போய்க்கொண்டிருந்தது.

"குட்டி எங்கே அக்கா?" என்று கேட்டது கீரி.

செம்பி வறண்ட பள்ளத்தின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பிறகு கூட்டத்தோடு போய்விட்டது.

கீரி மூச்சு வாங்க மலை ஏறியது.

"அரசே, முதல் கோடே தப்பு. மழைப் பள்ளத்தை ஓடை என்று நினைத்து வரைந்துவிட்டேன். ஆமை சொன்னபோதே எனக்குத் தெரியும்."

கழுகு சிறகால் பாறையை ஒருமுறை துடைத்தது. கோடுகள் எல்லாம் அழிந்தன.

"இவ்வளவுதானே? அன்றே சொல்லியிருந்தால் அன்றே அழித்திருப்பேன். கோடு எங்கே போனால் எனக்கு என்ன? நீ வரைந்த எதையும் நான் பார்த்ததுகூட இல்லை," என்று சொல்லிவிட்டு இறகைக் கோதத் தொடங்கியது.

கீரி மூங்கில் புதருக்குத் தெற்கே போய், ஓடைக்கரையில் கற்களை நட்டது. ஓடையில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வடகரையில் ஒரு மானின் குளம்புத் தடம்கூட இல்லை. ஆமை மட்டும் தண்ணீரிலிருந்து தலையை நீட்டியது. கீரியால் அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீதி: செய்த தவற்றை முதல் நாளே சொல்லக் கூசுகிறவர், பிறகு வாழ்நாள் முழுவதும் கூச வேண்டியிருக்கும்.