நானூற்றுப் பன்னிரண்டு பேர்

ஞானசௌந்தரிக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போன பிறகு முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தவள். அவளுக்கு வழிகாட்டி பேராசிரியை ஹசீனா. அவளைவிடப் பத்து வயது இளையவர். இவள் அவரை "மேடம்" என்பாள், அவர் இவளை "சிஸ்டர்" என்பார்.

ஆராய்ச்சி சர்க்கரை நோயைப் பற்றியது. சின்னச் சின்ன ஊர் மருத்துவமனைகளின் கம்ப்யூட்டரில் ஏறியிருந்த பத்து வருஷத்துப் பதிவுகளை ஞானசௌந்தரி ஒன்று விடாமல் பார்த்து முடித்திருந்தாள். திங்கட்கிழமை பல்கலைக்கழக ஆய்வுக் குழுவின் முன்னால் நின்று முடிவைச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முகம் வாடி வந்து நின்றாள்.

"மேடம், ஒரு நானூத்துப் பன்னெண்டு பேர் என் உயிரை வாங்குறாங்க."

"என்ன பண்ணினாங்க, பாவம்?"

"மாசா மாசம் வெறும் வயித்துச் சர்க்கரை தொண்ணூத்தஞ்சு, நூறுன்னு தங்கமா இருக்கு. அதே ஆளுக்கு அதே பதிவுல கால்ல புண்ணு, கண்ணு மங்கல், கிட்னி போச்சுன்னும் இருக்கு. எப்படி மேடம் ரெண்டும் ஒத்துப்போகும்? டைப் அடிக்கிற பிள்ளைங்க அரட்டை அடிச்சுக்கிட்டே அடிச்சிருக்கும். தப்பான பதிவுன்னு மொத்தமா தூக்கிடவா? தூக்கிட்டா முடிவு அழகா வருது."

ஹசீனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சிஸ்டர், ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க வீட்டுக்குச் சாப்பிட வரட்டுமா?"

கேட்ட கேள்வி என்ன, வந்த பதில் என்ன என்று ஞானசௌந்தரிக்குத் திகைப்பு. ஆனாலும் வீடு தேடி வருகிறேன் என்பவரிடம் வேறென்ன சொல்வது?

"தாராளமா வாங்க மேடம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்து வந்த கையோடு அடுப்பைப் பற்றவைத்தாள். ஹசீனாவுக்காகப் பாய் கடையில் சொல்லிவைத்து வாங்கிய கறி. ஒரு மணிக்கு ஹசீனா வந்தபோது வீடு பளபளத்தது. சோபாவுக்குப் புது உறை. காற்றாடி இறக்கையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. வேதாகமத்துக்குப் பக்கத்தில் பூஜாடிகூட வந்து உட்கார்ந்திருந்தது.

"வீடா இது? கல்யாண மண்டபம் மாதிரி இருக்கே!" என்றார் ஹசீனா. ஞானசௌந்தரிக்கு உச்சி குளிர்ந்தது.

அவள் கணவர் பொன்னுராஜ் கால் பெருவிரலில் கட்டோடு நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தார். அவர் தட்டில் ஒரு சப்பாத்தி, கொஞ்சம் கீரை. அவ்வளவுதான்.

"அண்ணன் கறி எடுத்துக்கலையா?"

"நாளைக்குக் காலையில சுகர் டெஸ்ட் மேடம். ரெண்டு நாளா சோத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ரத்தம் குடுத்ததும் நேரா அல்வாக் கடைதான்!"

"ஸ்கூல் பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி" என்று ஞானசௌந்தரி சிரித்தாள்.

"ஏட்டி, சிரிக்காதே. போன மாசம் தொண்ணூத்தெட்டு. டாக்டர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு, தெரியுமா?"

"கால்ல என்ன அண்ணே?"

"புதுச் செருப்புக் கடிச்சது மேடம். மூணு வாரமா ஆற மாட்டேங்குது."

சாப்பிட்டுக் கை கழுவிய ஹசீனா, சாத்தியிருந்த பின்னறைப் பக்கமாக நடந்தார்.

"ஐயோ மேடம், அது வேண்டாம்!"

அதற்குள் கதவு திறந்துவிட்டது. மடிக்காத துணி மலை ஒன்று சரிந்து அவர் காலடியில் விழுந்தது. அதன் பின்னாலேயே பழைய பேப்பர் கட்டு, கைப்பிடி போன வாளி, ஓடாத டேபிள் ஃபேன். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா உருண்டு உருண்டு பூஜாடி வரைக்கும் போய் நின்றது.

ஞானசௌந்தரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பொன்னுராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹசீனாவுக்கும் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

"எப்பத்துல இருந்து சிஸ்டர் இவ்வளவு சுத்தம்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துல இருந்துதான் மேடம். நீங்க வர்றேன்னீங்களே!"

"ஆமா. நான் நாள் சொல்லிட்டுத்தானே வந்தேன்."

ஞானசௌந்தரி முந்தானையை இறக்கினாள். கணவரின் தட்டைப் பார்த்தாள். விரலில் இருந்த கட்டைப் பார்த்தாள். எத்தனை ஆயிரம் சீட்டில் அவள் கையாலேயே எழுதிக் கொடுத்திருப்பாள், அடுத்த மாதம் இன்ன தேதி வா என்று! சர்க்கரை குறைந்திருக்கிறது, சமத்து என்று எத்தனை பேரை முதுகில் தட்டி அனுப்பியிருப்பாள்!

"மேடம், அந்தப் பிள்ளைங்க சரியாத்தான் டைப் அடிச்சிருக்காங்க."

"ம்."

"அப்போ நாளைக்கு அந்த நானூத்துப் பன்னெண்டு பேரை என்ன செய்ய?"

ஹசீனா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குவியலில் இருந்து கசங்கிய சேலை ஒன்றை உருவி, ஒரு முனையை அவளிடம் நீட்டினார்.

"இதைப் பிடிங்க சிஸ்டர். நீங்க தினம் குடியிருக்கிற வீடு இதுதானே, தூக்கிப் போட முடியுமா?"