குளிர் போகாத கூடாரம்

வேலூரில் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. தணிகாசலம் வீட்டில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் காளானுக்கு. அவரும் மனைவியும் கூடத்தில் விசிறியும் கையுமாகக் கிடந்தார்கள்.

இருபது வருஷம் ஏசி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். இப்போது படுக்கையறைக்குள் பிளாஸ்டிக் கூடாரம் போட்டு, வைக்கோல் பைகளைக் கட்டித் தொங்கவிட்டு, சிப்பிக்காளான் வளர்க்கிறார். வெள்ளிக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. விருந்துக்குத் தன் கையால் வளர்த்த காளானில் பிரியாணி என்று சம்பந்தியிடம் மார்தட்டி வைத்திருந்தார். ஏற்கெனவே இரண்டு தடவை போட்டது வீணாகியிருந்தது. இந்தத் தடவையும் காம்பு விரல் நீளம், தலை புளியங்கொட்டை அளவு. 

ஞாயிறு காலை, காளான் வளர்க்கக் கற்றுக்கொடுத்த மரகதவல்லியை வரவழைத்தார். அவளுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் வாய் நிறைய டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“இருபத்தஞ்சு டிகிரிக்கு மேல ஏறவே விடல டீச்சர். கூடாரத்துல மேலயும் கீழயும் நீங்க வைக்கச் சொன்ன ஜன்னலைக்கூட டேப் போட்டு ஒட்டிட்டேன். குளிர் வெளிய போயிடக் கூடாதுல்ல? அப்புறமும் ஏன் இப்படி?”

மரகதவல்லி ஒரு காம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“உள்ள போய் உட்காருங்க ஐயா.”

உட்கார்ந்தார். அவள் கூடாரத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

“எப்படி இருக்கு?”

“ஜில்லுனு இருக்கு டீச்சர்!”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள்.

“இப்போ?”

“ஜில்லுனுதான்...” குரல் இறங்கிப்போயிருந்தது.

மூன்றாவது தடவை அவள் கேட்பதற்குள் ஜிப் ஒரு சாண் திறந்தது. தணிகாசலத்தின் வழுக்கைத் தலை கழுத்தை எக்கி வெளியே வந்தது. வியர்வை இல்லை, ஆனால் வாய் காற்றுக்காகத் திறந்திருந்தது.

“குளிராத்தானே இருக்கு? அப்புறம் ஏன் கழுத்தை நீட்டுறீங்க?”

அவர் திரும்பிப் பக்கத்துப் பையைப் பார்த்தார். அதில் இருந்த காளானெல்லாம் அப்படித்தான் கழுத்தை நீட்டி நின்றன. பிறகு அவரே எழுந்து டேப்பைக் கிழித்தார்.

“வெள்ளிக்கிழமை என் மானம் போச்சா டீச்சர்?”

“நீண்டது நீண்டதுதான், பறிச்சிடுங்க. அடியில புது மொட்டு விட்டிருக்கு. அது பிழைச்சுக்கும். காலையில, மத்தியானம், சாயங்காலம்னு ஜிப்பைத் திறந்துவிடுங்க. திறந்ததும் தண்ணி தெளிங்க.”

வெள்ளிக்கிழமை ஒவ்வொரு காளானும் உள்ளங்கை அகலம். சம்பந்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தணிகாசலத்துக்கு அப்பாடா என்றிருந்தது. கை கழுவ வந்த மரகதவல்லியை வழிமறித்தார்.

“ஒரே ஒரு சந்தேகம் டீச்சர். என் பஸ்ஸுல நாப்பது பேரு. இருபது வருஷத்துல ஒரு ஜன்னலைத் திறந்ததில்ல. ஒருத்தருக்கும் மூச்சு முட்டலையே?”

“ஸ்டாப்புக்கு ஸ்டாப் கதவைத் திறந்துவிட்டது யாருங்க ஐயா?”