எறும்பு வந்த பிறகு

நாச்சிமுத்துவின் அரிசி ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் பூங்கோதை என்கிற ரசாயன ஆசிரியை வைக்கோலை அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரை எடுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரே சீடர், வேலப்பன். அதே ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவர். குருவைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்.

சர்க்கரை வந்துவிட்டதா என்று சொல்வது எறும்பு. வெந்த சாற்றில் ஒரு கரண்டி எடுத்து, சுண்ணாம்பு போட்டு அமிலத்தை முறித்து, இலையில் ஒரு சொட்டு விட்டு ஜன்னலோரம் வைப்பார்கள்.

மூன்று முறை எறும்பு வந்தது. மூன்று முறையும் வேலப்பன், "இன்னும் கொஞ்சம் வேகட்டும், இன்னும் சர்க்கரை இறங்கும்" என்று விறகைத் தள்ளினார். வந்த சர்க்கரையும் சிதைந்து பானை தாராகக் கறுத்தது.

இன்று கடைசி வைக்கோல் கட்டு. மத்தியானம் முதலாளி நாச்சிமுத்து வருகிறார். சர்க்கரை இல்லையென்றால் கொட்டகையில் தவிட்டு மூட்டை அடுக்கிவிடுவார்.

"எப்பம்மா இறக்கறது?"

"எறும்பு வந்ததும்."

"அப்பவும் வைக்கோலுக்குள்ள மிச்சம் இருக்குமே?"

"இருக்கும்."

"அதை விட்டுடறதா? மனசு கேக்குமா?"

பூங்கோதை சொட்டு விட்ட இலையை ஜன்னலோரம் வைத்தாள்.

எறும்பு வந்தது. வேலப்பனின் கை விறகைத் தேடிப் போனது. அவள் போய் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லாமல் அவர் பானையை இறக்கினார்.

முதலாளி வந்தார். இலையை மொய்த்த எறும்புகளைக் குனிந்து பார்த்தார்.

"நீங்க எங்கிட்டப் பொய் சொல்லலாம். எறும்புகிட்டச் சொல்ல முடியாதுங்க. இன்னொரு வருசம் இருங்க" என்றபடி செருப்பை மாட்டினார்.

வேலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. "இது என்னங்க முதலாளி! இன்னும் பாதி உள்ளயே கிடக்குது!"

இரண்டாவது செருப்பு அப்படியே நின்றது. "பாதிதான் வந்துச்சா?"

"முன்னாடியே வந்திருக்கோணும். நாந்தான் கருக்கிப்புட்டேன். உங்க வைக்கோல் மூணு கட்டு தாராப் போச்சுங்க."

"மூணு கட்டா?"

"அட, அது கிடக்கட்டும். உங்க இரும்பு அண்டா ஒண்ணு, அதை இந்த அமிலம்..."

பூங்கோதை எழுந்தாள். இலையை எறும்போடு எடுத்து வேலப்பனின் உள்ளங்கையில் வைத்தாள்.

எறும்புகள் முழங்கைவரை ஏறின. வேலப்பன் வாயை இறுக மூடிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி ஒரு ஆட்டம் ஆடினார். முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒரு வருசம்னா ஒரு வருசந்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார்.

வேலப்பன் கையைத் தேய்த்தபடி வந்தார்.

"அண்டா கதையை முடிக்கவே இல்லையேம்மா. நெஞ்சுக்குள்ளயே நிக்குது."

"நிக்கட்டும்ண்ணே. வைக்கோல்லயும் பாதி நிக்குதில்ல?"