சுண்டுவிரலும் வால்யூம் குமிழும்

ஞானக் கதை என்றால் குருவுக்கு வெள்ளைத் தாடி இருக்க வேண்டும், சீடன் பாலகனாக இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்துவிட்டார்கள். இந்தக் கதையில் தாடி சீடருக்குத்தான். பெயர் நாச்சிமுத்து, வயது ஐம்பத்திரண்டு. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

குருவின் பெயர் பிரிசில்லா. வயது முப்பத்தொன்று. கோவையிலேயே ராமநாதபுரம் பகுதியில் ஒரு மாடி வீட்டில் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறார். சீடர் அவரை டீச்சர் என்பார். அவர் சீடரை அண்ணா என்பார். இருவருக்கும் 'ங்க' போடாமல் பேச வராது.

ஒருநாள் காலை சீடர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார்.

"டீச்சர், கூப்பிட்டுட்டாங்க! மின்னல்ல இருந்து கூப்பிட்டுட்டாங்க!"

மின்னல் மெல்லிசைக் குழு அந்த வட்டாரத்தில் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழாவான நோம்பி எல்லாவற்றிலும் வாசிக்கிற குழு. குருவும் ஒரு காலத்தில் அதில் வாசித்தவர்தான். இதுவரை இருந்த கிட்டார்க்காரர் துபாய்க்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் நாச்சிமுத்து ஒரே ஒரு பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும். நடத்துநர் குப்புராஜுக்குப் பிடித்துவிட்டால் சனிக்கிழமை மாரியம்மன் நோம்பியில் மேடை. பிடிக்காவிட்டால் வேறு ஆள். மேடை ஏற வேண்டும் என்பது நாச்சிமுத்துவின் மீசை முளைத்த காலத்து ஆசை. ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"சந்தோசமுங்ணா. அப்புறம் ஏன் முகம் இப்படி இருக்குது?"

சீடர் தோளில் இருந்த உறையைத் திறந்து ஒரு சிவப்பு கிட்டாரை எடுத்தார். குழுவின் கிட்டார். மின்னலில் யார் சேர்ந்தாலும் அதைத்தான் வாசிக்க வேண்டும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். அதில் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றக் கூடாது என்பது குப்புராஜின் சட்டம். பழகிக்கொள்வதற்காகக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"இதுல வால்யூம் நாப் எங்க இருக்குது பாருங்க டீச்சர். கம்பிக்குக் கீழயே! எந்தப் புண்ணியவான் வெச்சான்னு தெரியலை."

நாச்சிமுத்துவின் சொந்த கிட்டாரில் இந்தத் தொல்லை கிடையாது. அவர் அதை வாங்கி வந்த வாரமே குமிழ்களைப் பிடுங்கி, பித்தளையில் புதிதாகக் கடைந்து, கைக்கு எட்டாத கீழ் ஓரத்தில் பொருத்திவிட்டார். ஒரு தடவை வால்யூமை வைத்தால் வைத்ததுதான். அதன் பிறகு கையைக் காற்றாடி மாதிரி சுழற்றலாம். சுழற்றித்தான் பழகியிருந்தார்.

"வாசிங்க, கேக்கலாம்."

வாசித்தார். கை கீழே இறங்கும்போது சுண்டுவிரல் குமிழில் உரசியது. குமிழ் கொஞ்சம் திரும்பியது. சத்தம் இறங்கியது. குமிழை ஏற்றிவிட்டு மறுபடி வாசித்தார். மறுபடி உரசியது. பாட்டு பாதி தூரம் போவதற்குள் ஆம்ப் பெட்டியிலிருந்து கொசு பாடுகிற சத்தம்தான் வந்தது.

"இந்த நாப்பை என்னங்க பண்றது டீச்சர்?"

"நீங்க என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

சீடர் பையைத் திறந்தார். முதலில் கறுப்பு டேப் வந்தது. பிறகு பளபளவென்று ஒரு பித்தளை வளையம் வந்தது.

"காலையில கடைஞ்சனுங்க. நாப்பைச் சுத்தி மாட்டிட்டா விரல் பட்டாலும் திரும்பாது. ஸ்க்ரூ வேண்டாம், அப்படியே உக்காந்துக்கும். குப்புராஜுக்குத் தெரியவே தெரியாது."

குரு வளையத்தை வாங்கி விரலில் மாட்டிப் பார்த்தார். வேலைப்பாடு பிரமாதமாக இருந்தது.

"சாப்பிடறப்ப நாக்கைக் கடிச்சுக்குவீங்களாண்ணா?"

"எப்பவாச்சும் கடிச்சுக்குவனுங்க."

"அப்ப நாக்குக்கு டேப் போட்டுட்டுத்தான் சாப்பிடுவீங்களா?"

சீடர் விடுவாரா? "நாக்கு என்னோடதுங்க டீச்சர். இந்த நாப்பு குப்புராஜோடது."

குரு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து வளையத்தை ஜன்னலில் வைத்துவிட்டு, "இன்னொருக்கா வாசிங்க" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்த வாரம் முழுக்க நாச்சிமுத்து பாடாய்ப் பட்டார். முழங்கையை விலாவோடு ஒட்டிப் பார்த்தார். சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தார். தொடாதே, தொடாதே என்று விரலுக்குச் சொல்லச் சொல்ல, விரல் நேராக அங்கேதான் போனது. விரதத்தன்றைக்குத்தான் பக்கத்து வீட்டில் வடை சுடுவார்கள், அந்தக் கதைதான். குரு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு யோசனையும் சொல்லவில்லை. சீடர் ஒவ்வொரு தடவை சத்தத்தை இழந்தபோதும், "ஏத்திக்குங்க, நிறுத்தாதீங்க" என்று மட்டும் சொன்னார்.

"கம்பியை விட்டுட்டு எப்படிங்க ஏத்தறது?"

"விடச் சொன்னனா?"

சீடருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் செய்தார். கம்பி மீட்டும் பிக்கைப் பிடித்த கையாலேயே, வாசித்துக்கொண்டே, சுண்டுவிரலை நீட்டிக் குமிழைத் தடவித் தடவி ஏற்றினார். அசிங்கமாக இருந்தது. ஆனால் பாட்டு நிற்காமல் போனது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. தகரக் கூரை போட்ட ஒரு பழைய கொட்டகையில் ஒத்திகை. குப்புராஜ் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். கீபோர்டு, தபலா, டிரம்ஸ் எல்லாம் தயார். பாடகி மைக்கைத் தட்டிப் பார்த்தார். நாச்சிமுத்து சிவப்பு கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றார். பயம் பாதி, ஆனந்தம் பாதி. எது எந்தப் பாதி என்று அவருக்கே தெரியவில்லை.

பாட்டு தொடங்கியது. பல்லவி நன்றாகப் போனது. டிரம்ஸ் உள்ளே வந்ததும் கொட்டகையே குலுங்கியது. அந்தச் சத்தத்தின் நடுவில் நிற்பது எப்படி இருக்கும் என்று முப்பத்தைந்து வருடமாகக் கற்பனை செய்தவர் அவர். கற்பனை இதில் கால்வாசி கூட இல்லை. உற்சாகத்தில் முழங்கை விலாவை விட்டுக் கிளம்பியது. கை பழையபடி காற்றாடி ஆனது.

பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் கிட்டாருக்கு மட்டும் ஒரு நீண்ட சுரம். மற்ற எல்லோரும் அங்கே நிறுத்திவிடுவார்கள். அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். நாச்சிமுத்து ஓங்கி அடித்தார்.

சத்தமே இல்லை.

சுண்டுவிரல் குமிழை அடியோடு இறக்கிவிட்டிருந்தது. கொட்டகை முழுக்க அமைதி. பாடகி திரும்பிப் பார்த்தார். குப்புராஜ் காலைக் கீழே இறக்கினார்.

நாச்சிமுத்துவின் மூளை நின்றுவிட்டது. கை நிற்கவில்லை. கம்பி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது, விரல் நீண்டு குமிழைத் தேடி ஏற்றியது. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அந்தச் சுரம் மெதுவாக எழுந்து வந்தது. அடித்த ஓசையே இல்லாமல், வில் போட்டு இழுத்தாற்போல் வந்து கூரை வரைக்கும் நிறைந்தது. பாடகி கண்ணை மூடிக்கொண்டு சரணத்தை எடுத்தார்.

பாட்டு முடிந்ததும் குப்புராஜ் எழுந்து ஓடி வந்தார்.

"யோவ், கிட்டாருக்குள்ள வயலினை ஒளிச்சு வெச்சிருக்கியா? நாளைக்கு அதே இடத்துல அதே மாதிரி வேணும். அந்த இடத்துல நான் லைட்டை எல்லாம் அணைக்கச் சொல்றேன், உன் மேல மட்டும் ஒரு லைட்டு!"

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகச் சீடர் குருவின் கதவைத் தட்டினார். பிரிசில்லா பல் விளக்கிக்கொண்டே கதவைத் திறந்தார்.

"டீச்சர், எடுத்துக்கிட்டாங்க!"

குரு வாயில் நுரையோடு கைதட்டினார்.

"ஆனா தப்பு நடந்துருச்சுங்க டீச்சர். பெரிய தப்பு."

குரு அவரை உட்கார வைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கேட்டார். சீடர் நடந்ததை எல்லாம் கொட்டினார். விரல் பட்டது, சத்தம் போனது, ஏற்றியது, குப்புராஜ் ஓடி வந்தது, லைட்டு.

"அவரு நான் வேணும்னே பண்ணதா நினைச்சுட்டாருங்க. நான் வாயைத் தொறக்கலை. ராத்திரி தூக்கமே வரலை. உண்மையைச் சொல்லிட்டு விலகிடலாம்னு இருக்கறனுங்க."

"எது தப்புங்ணா?"

"விரல் பட்டதுங்க."

"சத்தம் போச்சு. சரி. அதைத் திருப்பிக் கொண்டு வந்ததும் தப்புதானா?"

சீடர் தாடியைச் சொறிந்தார். "அது... அது நான்தானுங்க கொண்டு வந்தேன்."

"அப்புறம் என்னங்ணா?"

"அப்புறமா! இன்னிக்குச் சாயங்காலம் அதே மாதிரி வேணுங்கறாரு டீச்சர். ஊரே உக்காந்திருக்கும். லைட்டை வேற அணைக்கறாரு. கை தவறிப் பட்டதை மறுபடி எப்படிங்க கை தவற வைக்கிறது?"

குரு சிவப்பு கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தார். ஆம்ப்பைப் போட்டார்.

"எங்க, இப்ப கை தவறுங்க பார்க்கலாம்."

சீடர் வாசித்தார். நீண்ட சுரத்துக்கு முன்னால் சுண்டுவிரலை வேண்டுமென்றே குமிழின் பக்கம் வீசினார். விரல் காற்றில் போனது. குமிழ் அசையவில்லை. மறுபடி வாசித்தார். விரல் இந்தப் பக்கமாகத் தாண்டியது. அடுத்த முறை அந்தப் பக்கமாகத் தாண்டியது. வேகமாக வீசிப் பார்த்தார், மெதுவாக வீசிப் பார்த்தார். சுரம் ஒவ்வொரு தடவையும் முழுச் சத்தத்தோடு கணீரென்று விழுந்தது. போன வாரம் இதைக் கேட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார்.

"என்ன அநியாயமுங்க இது!" என்று கத்தினார். "ஒரு வாரமா தொடாதடா தொடாதடான்னு கெஞ்சினேன், போய்ப் போய்த் தொட்டுச்சு. இப்பத் தொடுடான்னா நாப்பு எங்க இருக்குதுன்னே இந்தக் கைக்குத் தெரியலை டீச்சர்!"

குரு சிரிக்கவில்லை.

"இத்தனை நாளா நாப்புதான் உங்களை வந்து தொட்டுட்டு இருந்துச்சுங்ணா. இன்னிக்குக் கை தவற வேண்டாம், நீங்க போய் அதைத் தொடுங்க."