மொச்சை நட்ட டேலியாக் கிழங்கு

மலைக்காட்டுக் குளத்தங்கரையில் மொச்சை என்ற முயலும் முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றியும் அடுத்தடுத்த புதர்களில் குடியிருந்தார்கள். இரண்டு புதருக்கும் நடுவில் ஒரு துண்டுப் புல்தரை. அது யாருக்கு என்று தினமும் ரகளை!

முள்ளாண்டிக்கு அங்கே படுத்துப் புரள வேண்டும், அவ்வளவுதான். மொச்சைக்கோ மூன்று குட்டிகள். அந்தப் புல் கைவிட்டுப் போனால், நரி திரியும் பாறைமேட்டில்தான் அவை மேய வேண்டும். அதனால் அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை.

சண்டையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கரடியார் ஒருநாள் ஒரு கிழங்குக் கொத்தோடு வந்தார்.

"மழையில மேலேயிருந்து உருண்டு வந்துச்சு. டேலியாக் கிழங்கு. ஆளுக்கு ஒண்ணு எடுத்து அவங்கவங்க வாசல்ல நடுங்க. யார் வாசல்ல முதல்ல பூக்குதோ, புல்தரை அவங்களுக்கு!"

"நான்தான் முதல்ல எடுப்பேன்!" என்று பாய்ந்தான் முள்ளாண்டி. இருப்பதிலேயே பருத்த கிழங்கை வெடுக்கென்று முறித்தான். தண்டோடு ஒட்டியிருந்த அதன் கழுத்து கொத்திலேயே தங்கிவிட்டது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மொச்சை அவசரப்படவில்லை. கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழைய தண்டு ஒட்டியிருந்த இடத்தில் உளுந்து அளவில் ஒரு சிவந்த கண் துருத்திக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்த கிழங்கு விரல் பருமன்கூட இல்லை. அதைத்தான் தண்டுத் துண்டோடு பதமாகப் பிரித்தெடுத்தாள்.

"ஐயோ பாவம்! இந்த நோஞ்சானை வச்சிக்கிட்டு நீ பாறைமேட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்!"

"கட்டுறப்போ சொல்லி அனுப்புறேன், வந்து தூக்கிவிடு!" என்றாள் மொச்சை.

முள்ளாண்டி நட்ட நாளிலிருந்தே காலையும் மாலையும் குடுக்கை குடுக்கையாகத் தண்ணீர் ஊற்றினான். மொச்சை ஈரமண்ணில் குழி பறித்து, முதலில் ஒரு குச்சியை ஊன்றினாள். கண் மேலே பார்க்கும்படி கிழங்கைப் படுக்கவைத்து மூடினாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

"தண்ணிக்குக்கூடவா கணக்கு பாக்குறே, கஞ்சப் பிசினாரி!"

"குடிக்கிறதுக்கு வேர் வரட்டும், ஊத்துறேன்!"

இருபதாம் நாள் மொச்சையின் குழியில் முளை எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் விட்டாள். செடி குட்டிகளின் உயரத்துக்கு வந்ததும், நுனியைக் கிள்ளி எறிந்தாள்!

முள்ளாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் வாசலில் சேறு மட்டும்தான் இருந்தது. ஆனாலும், "பெரிய கிழங்கு மெதுவாத்தான் வரும்!" என்று சொல்லிக்கொண்டான்.

குட்டிகளுக்குத்தான் பயம். "அம்மா, தலையையே கிள்ளிட்டியே! இனிமே பூக்குமா?"

"பூக்கும்டா. ஒண்ணு இல்ல, நாலு பூக்கும்!" மொச்சையின் குரலில் துளி நடுக்கம் இல்லை.

சொன்னபடியே கிள்ளிய இடத்துக்குக் கீழே பக்கக் கிளைகள் வெடித்தன. குச்சியில் சாய்ந்து நின்ற செடியில் நான்கு மொட்டுகள். ஒருநாள் காலை முதல் மொட்டு தட்டு அகலத்துக்குச் சிவப்பாக விரிந்தது. கரடியார் ஓடோடி வந்தார்.

"கொஞ்சம் பொறுங்க! என்னோடது உள்ளே தயாராயிட்டிருக்கு!" என்று முள்ளாண்டி மண்ணைப் பறித்தான். கொழகொழவென்று அழுகல்தான் கையோடு வந்தது. கரடியார் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இருந்ததுலேயே பெருசைத்தானே எடுத்தேன்!" முள்ளாண்டிக்கு அழுகையே வந்துவிட்டது.

"பெருசுதான். முளைக்கிற கண்ணைக் கொத்துலயே விட்டுட்டியே! கண்ணே இல்லாததுக்குக் குளத்தையே ஊத்தினாலும் அழுகத்தான் செய்யும்" என்றாள் மொச்சை.

மூன்று குட்டிகளும் அதற்குள் புல்தரையில் இறங்கி மேயத் தொடங்கியிருந்தன.

பருமனைக் கண்டு பாய்கிறவர் ஏமாந்து போவார். உயிர் எங்கே இருக்கிறது என்று பார்த்து எடுத்து, வேண்டியதை வேண்டிய நேரத்தில் செய்கிறவரே வெல்வார்.