கிளம்பாத புல்வெட்டும் வண்டி

ஏற்காட்டு மலைச்சரிவில் சின்னதாக ஒரு தியான மடம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் வேதநாயகி அம்மா. நாற்பத்தைந்து வயது. கனத்த உடம்பு, குறைந்த பேச்சு.

அவருடைய சீடர்களில் வயதில் மூத்தவர் அருளப்பன். அறுபத்தொன்று. சேலத்தில் பஸ் டிப்போ மெக்கானிக்காக முப்பது வருஷம் இருந்தவர். மனைவி எமிலி இறந்த மறுமாதம் வீட்டைப் பூட்டிவிட்டு மலையேறி வந்துவிட்டார்.

மடத்தைச் சுற்றி இரண்டு ஏக்கர் புல்தரை. எஸ்டேட்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்று அங்கே இருந்தது. அருளப்பன் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அதன் இரைச்சலில் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. அது அவருக்கு வசதியாக இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தாலும் இறங்க மாட்டார். மிச்சம் இருந்தால் சாப்பிடுவார். இல்லாவிட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை.

சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்கினார். பியூஸைக் கழற்றிப் பார்த்தார். ஸ்டார்ட்டருக்கு நேராகக் கரண்ட் கொடுத்தார், நன்றாகவே சுற்றியது. மறுபடி ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியைத் திருப்பினார். ஒன்றுமில்லை.

வெயில் ஏறிவிட்டது. புல்மேல் உட்கார்ந்தார். வீட்டில் ஏதாவது ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தால், "இன்னுமா முடியல?" என்று எமிலி நாலு தடவை எட்டிப் பார்த்துவிடுவாள். அப்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

அம்மா சரிவில் மெல்ல நடந்து வந்தார்.

"என்ன ஆச்சு அண்ணா?"

"கிளம்ப மாட்டேங்குதும்மா. எல்லாம் பார்த்துட்டேன்."

"எல்லாம்னா?"

"பேட்டரி, பியூஸ், ஸ்டார்ட்டர். எதுலயும் குறையில்ல." அருளப்பன் கையைத் துடைத்துக்கொண்டார். "வண்டி கிடக்கட்டும்மா. நானே கிளம்பிடலாம்னு பார்க்கறேன்."

"எங்கே?"

அருளப்பன் ஒரு புல்லைக் கிள்ளினார்.

"பத்து மாசமா கண்ணை மூடி உட்கார்றேன். உள்ளே ஒண்ணும் அசையல. எனக்கு என்னம்மா கோளாறு?"

அம்மா சேலையைச் செருகிக்கொண்டு வண்டிமேல் ஏறி உட்கார்ந்தார்.

"எதை மிதிக்கணும்?"

"இடது பக்கம், அதான் பிரேக்கு. மிதிச்சுக்கிட்டே சாவியைத் திருப்புங்க."

திருப்பினார். வண்டி உடனே உறுமிக்கொண்டு கிளம்பியது. அருளப்பன் துள்ளி எழுந்தார்.

அம்மா இறங்கினார். உடனே இன்ஜின் நின்றுவிட்டது.

அருளப்பன் ஏறி உட்கார்ந்து திருப்பினார். சத்தமில்லை. இறங்கி ஸீட்டைத் தூக்கினார். அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச். விரலால் அமுக்கினார். அமுங்கியது. விட்டார். எழும்பியது.

"இது நல்லாத்தான் இருக்கும்மா. உட்கார்ற ஆளோட எடைக்கு இது அமுங்கணும். அமுங்கலைன்னா, மேல யாரும் இல்லைன்னு நினைச்சுக் கரண்டை நிறுத்திடும்."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கையைப் பார்த்தார். வாட்ச் முழங்கைப் பக்கம் சரிந்து கிடந்தது.

"இங்கே வரும்போது எவ்வளவு எடை இருந்தீங்க?"

"எழுபத்திரண்டு."

"இப்போ?"

அவர் அவசரமாகக் கட்டிங் பிளேயரை எடுத்தார்.

"சின்ன வேலைம்மா. இந்த ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிட்டாப் போதும். அப்புறம் மேல ஆள் இருந்தாலும் ஓடும், இல்லாட்டியும் ஓடும்."

"சரிவுல தவறி விழுந்துட்டா?"

"அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். கத்தியும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கும்."

அம்மா கையை நீட்டி அந்தப் பிளேயரை வாங்கிக்கொண்டார்.

"எமிலி போனதிலிருந்து நீங்க அப்படித்தான், மேல ஆளே இல்லாம ஓடிக்கிட்டு இருக்கீங்க. வண்டியையாவது அப்படி ஓட விடாதீங்க அண்ணா."

அருளப்பன் தூக்கிய ஸீட்டைப் பிடித்தபடியே நின்றார்.