ஒச்சப்பன் நேரில் ஆஜரான கதை

மொச்சிகுளத்து ஆட்கள் சொன்ன சொல்லை மீறவே மாட்டார்கள். அதனால்தான் ஒச்சப்பனுக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது.

நடந்தது இதுதான். ஒச்சப்பன் தன் சேக்காளிகள் மொக்கராசையும் தவசியையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு, ஹெல்மெட் போடாமல் சந்தைக்குப் போனான். கேமரா படம் பிடித்துவிட்டது. செல்போனுக்கு நோட்டீஸ் வந்தது. அதன் கடைசி வரி: ‘இந்தச் செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டாம்.’

“கவர்மெண்டே வேண்டாங்குது. மீறி அனுப்ப நாம என்ன ரவுடியா?” என்றான் மொக்கராசு.

அனுப்பவில்லை. மறுபடி நோட்டீஸ் வந்தது. அதற்கும் மூவரும் கூடிப் பேசி, ரொம்பக் கவனமாகப் பதில் அனுப்பாமல் இருந்தார்கள்.

பிறகுதான் சம்மன். ‘நேரில் ஆஜராகவும். தவறினால் பிடிவாரண்டு.’

ஒச்சப்பன் காலண்டரைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை அவன் பெண் பார்க்கப் போகவேண்டும். மாப்பிள்ளை ஜெயிலில் இருந்தால் பெண்ணை யார் பார்ப்பது?

“நான் வேணா பார்த்துட்டு வாரேன்” என்றான் தவசி. அந்த நிமிஷமே கோர்ட்டுக்குப் போவதென்று முடிவெடுத்தான் ஒச்சப்பன்.

“‘நேரில்’னு போட்டிருக்கே, நம்ம ரோடு வளையுதே?” என்று கேட்டான் மொக்கராசு.

யோசித்தார்கள். வளைந்தால் அது நேர் இல்லை. ஆகவே விடிந்ததும் கோர்ட் இருக்கும் திசையைப் பார்த்து நூல் பிடித்தாற்போல் நடந்தார்கள். கத்தரித் தோட்டத்தை மிதித்தார்கள். கண்மாயில் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஏறினார்கள். ஒரு வீட்டு முன்வாசலில் நுழைந்து கொல்லைப்புறமாக வெளியே வந்தார்கள். அந்த வீட்டம்மா துடைப்பத்தோடு கொஞ்ச தூரம் வழியனுப்பி வைத்தாள்.

கோர்ட் வாசலில் டவாலி கூவினார்: “ஒச்சப்பன்! ஒச்சப்பன்! ஒச்சப்பன்!”

“மூணு ஒச்சப்பனைக் கேக்குறாங்களே” என்றான் ஒச்சப்பன். “நான் ஒருத்தன்தானே இருக்கேன்?”

“விடு, நாங்க எதுக்கு இருக்கோம்!” என்றான் தவசி. சொட்டச் சொட்ட மூவரும் உள்ளே போனார்கள்.

“இதுல ஒச்சப்பன் யாரு?” என்றார் நீதிபதி அம்மா.

“நாங்கதாங்கம்மா.”

“நோட்டீசுக்கு ஏன் பதில் தரலை?”

ஒச்சப்பன் செல்போனை நீட்டினான். அம்மா படித்தார். இன்னொரு தடவை படித்தார். பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். வக்கீல்கள் எல்லாரும் திடீரென்று குனிந்து எதையோ தேடினார்கள்.

“சரி, குத்தத்தை ஒத்துக்கிறியா?”

“ஒத்துக்கிறேம்மா. ஜெயிலுக்கு மட்டும் அனுப்பிராதீங்க, வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கணும்.”

“அபராதத்தைக் கட்டிட்டு, கோர்ட் கலையும் வரைக்கும் வராந்தாவில நில்லுங்க. அப்புறம் வீட்டுக்குப் போகலாம்.”

ஒச்சப்பனுக்கு உயிர் வந்தது. கட்டினார்கள், நின்றார்கள். மத்தியானம் போனது. வக்கீல்கள் போனார்கள். அம்மாவின் காரும் போனது. மூவரும் அண்ணாந்து கட்டடத்தையே பார்த்தார்கள்.

“கலையுற மாதிரி தெரியுதா?”

“ஒரு ஓடுகூட அசையலையே.”

“வெள்ளைக்காரன் கட்டுனது. லேசுல கலையாது.”

ஒச்சப்பன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமை என்ன, பேரன் பேத்தி எடுக்கிற வயசே வந்துவிடும். வேட்டியை மடித்துக் கட்டினான்.

பொழுது சாய்கையில் வாட்ச்மேன் பூட்டுச் சாவியோடு வந்தார். முற்றத்தில் கூரை ஓடுகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தவசி கதவு ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“அடேய், என்னடா பண்றீங்க!”

மோட்டுவளையில் உட்கார்ந்திருந்த ஒச்சப்பன் வியர்வையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தான்.

“வாங்கண்ணே, ஒரு கை குடுங்க. சீக்கிரம் கலைச்சிட்டா உங்களுக்கும் பூட்டுற வேலை மிச்சம்!”